தேங்காய்ப்பாலின் மேல் சுமத்திய பழி

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ வவுனியாவிலோ ஒரு வீட்டில் யாருக்காவது கொலஸ்ரோல் கூடிவிட்டது என்று தெரிந்தால், அன்றைக்கே குசினியில் தண்டனை தொடங்கிவிடுகிறது. தேங்காய்ப்பாலை நிறுத்து. சொதிக்குக் கொழுப்பு நீக்கிய பால்மாவைக் கரைத்து ஊற்று. வறைக்குத் தேங்காய்ப்பூ போடாதே. முட்டையின் மஞ்சள் கருவை எறி. நல்லெண்ணெயை விட்டுவிட்டுக் கடையில் விற்கும் மரக்கறி எண்ணெயை வாங்கு, முடிந்தால் எண்ணெயே இல்லாமல் தண்ணீரில் வதக்கு. இந்தப் பட்டியல் பத்திரிகைகளின் மகளிர் பக்கத்தில் வருகிறது, சமையல் காணொளிகளில் வருகிறது, ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருக்கும் சொந்தக்காரர் அனுப்பும் வாட்ஸ்அப் செய்திகளில் வருகிறது. கொழுப்பைக் குறைத்த சமையல்தான் நல்ல சமையல் என்பதை இப்போது யாரும் கேள்வி கேட்பதில்லை.

வன்னியைப் பொறுத்தவரை இது பிழையான அறிவுரை. சொல்பவர்களின் அக்கறையை நான் சந்தேகிக்கவில்லை. அந்த அக்கறை தவறான சட்டியைத் திறந்து பார்க்கிறது என்பதுதான் என் வாதம். ஒருவரின் சாப்பாட்டிலிருந்து கொழுப்பை எடுத்தால் அந்த இடம் வெறுமையாக இருக்காது. பசி அதை நிரப்பும். எதைக்கொண்டு நிரப்பும் என்று இந்தப் பட்டியல் எங்கேயும் கேட்பதில்லை. எங்கள் வீடுகளில் அந்த இடத்துக்கு வருவது இன்னும் இரண்டு அகப்பை வெள்ளைச் சோறு, ஒரு துண்டு பாண், சீனி போட்ட இன்னொரு தேத்தண்ணி.

கணக்கைப் பார்ப்போம். ஐந்து பேர் சாப்பிடும் வீட்டில் ஒரு நாளைக்கு ஒரு தேங்காய் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுத்தரத் தேங்காயின் பருப்பு ஏறத்தாழ 300 கிராம். அதில் மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு, அதாவது 100 கிராம். கையால் பிழியும்போது முழுவதும் இறங்காது, சக்கையோடு கணிசமான பங்கு கோழிக்கோ மாட்டுக்கோ போய்விடும். முழுவதும் இறங்கியதாகவே வைத்தாலும் ஆளுக்கு 20 கிராம், 180 கலோரி. இனி சோற்றுப் பக்கம் வாருங்கள். வயலிலோ கடலிலோ வேலை செய்யும் ஒருவர் ஒரு நாளைக்கு 400 கிராம் அரிசி சாப்பிடுவது இங்கே சாதாரணம். அது 1,400 கலோரி, 300 கிராமுக்கு மேல் மாச்சத்து. தேத்தண்ணி ஐந்து முறை, முறைக்கு இரண்டு தேக்கரண்டி சீனி என்றால் 40 கிராம் சீனி. 2,000 கலோரி சாப்பிடும் ஒருவருக்குச் சேர்க்கப்படும் சீனி 50 கிராமுக்குள் நிற்க வேண்டும், 25 கிராமுக்குள் நின்றால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பிஸ்கற்றும் பணிஸும் சோடாவும் இந்தக் கணக்கில் இன்னும் வரவேயில்லை. இப்படி ஒரு சாப்பாட்டைப் பார்த்துவிட்டுச் சொதிச் சட்டியை மட்டும் குற்றம் சொல்வது எந்த நியாயம்?

இந்தச் சாப்பாடு வன்னியில் எப்படி வந்தது என்பதையும் மறக்கக் கூடாது. சேனைப் பயிர் செய்த காலத்தில் இந்த நிலத்தில் குரக்கன் விளைந்தது, தினையும் சாமையும் விளைந்தன, எள்ளும் உழுந்தும் பயறும் கச்சானும் விளைந்தன. குளத்து மீன் இருந்தது, பட்டி மாட்டுத் தயிரும் நெய்யும் இருந்தன. இலுப்பை எண்ணெய் விளக்குக்கும் எரிந்தது, சமையலுக்கும் ஆனது. கொழுப்பைக் கண்டு பயந்த சமையலல்ல அது. ஆனால் அந்தக் கொழுப்பு பல இடங்களிலிருந்து வந்தது. விதையிலிருந்து, மீனிலிருந்து, பாலிலிருந்து, தேங்காயிலிருந்து. அதோடு சேர்ந்த தானியம் தவிட்டோடு இருந்தது.

1990க்குப் பிறகு பொருளாதாரத் தடை வந்தது. அதன் பிறகு இடப்பெயர்வுக்கு மேல் இடப்பெயர்வு. தென்னையும் பனையும் ஷெல் பட்டுத் தலையிழந்தன, மிஞ்சியவற்றில் பலவற்றைத் தறித்துப் பங்கருக்குக் குற்றியாகப் போட்டோம். 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் சனங்களின் உயிரைப் பிடித்து வைத்தது அரிசியும் உப்பும் தண்ணீரும் சேர்ந்த கஞ்சி. ஆண்டுதோறும் மே மாதத்தில் அந்தக் கஞ்சியை நாங்கள் காய்ச்சி வழங்குகிறோம். அதைக் குடித்த பிள்ளைகளுக்குக் கொழுப்பு என்ற ஒன்றே கிடைக்கவில்லை என்பதை உணவைப் பற்றிப் பேச வருகிறவர்கள் தெரிந்திருக்க வேண்டும். அங்கிருந்து செட்டிகுளம் மெனிக் பாம். 2012 செப்டெம்பரில் அந்த முகாம் மூடப்படும் வரையிலும், ஊர் திரும்பியவர்களுக்கு அதன் பின் சில மாதங்களும், நிவாரணமாகக் கிடைத்தவை அரிசி, கோதுமை மா, பருப்பு, எண்ணெய், சீனி. பட்டினியிலிருந்து காத்த நிவாரணம் அது, நன்றி கெட்டுப் பேச முடியாது. ஆனால் அந்தப் பங்கீட்டோடு ஒரு சாப்பாட்டுப் பழக்கமும் ஊர் திரும்பியது. குரக்கன் புட்டு இருந்த இடத்தில் கோதுமை மா ரொட்டி, கச்சான் இருந்த இடத்தில் பிஸ்கற். முகாமில் வளர்ந்த பிள்ளைகள் இன்று இருபதுகளில், முப்பதுகளின் தொடக்கத்தில் இருக்கிறார்கள். அவர்கள் சாப்பாட்டில் திருத்த வேண்டியது எதுவென்று தேடுகிறவர் தேங்காயில் போய் நிற்கக் கூடாது.

நாட்டில் நீரிழிவின் அளவைக் காட்ட அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் ஆய்வு 2005, 2006ஆம் ஆண்டுகளில் நடந்தது. 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு என்று அது சொன்னது. ஒன்பது மாகாணங்களில் ஏழில்தான் அந்த ஆய்வு நடந்தது. வடக்கும் கிழக்கும் அதில் இல்லை. யுத்தத்துக்குள் நின்ற எங்கள் உடல் கணக்கில் சேராத ஒரு படத்தை வைத்துக்கொண்டு, கொழும்பு நடுத்தர வர்க்கத்துக்கு எழுதிய அறிவுரையை முத்தையன்கட்டுக்கும் துணுக்காய்க்கும் அப்படியே கொண்டுவருகிறார்கள். காரில் போய் மேசையில் இருந்து வேலை செய்து, இறைச்சியும் பட்டரும் சீஸும் சாப்பிடும் ஒருவருக்குக் கொழுப்பைக் குறை என்று சொல்வதில் அர்த்தம் இருக்கலாம். அந்தச் சாப்பாடு எங்களிடம் எப்போதும் இருந்ததில்லை.

சரி, அந்த மேல்நாட்டிலாவது கொழுப்பைக் குறைத்தது பலன் தந்ததா? அமெரிக்காவில் 48,835 பெண்களை வைத்து ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் நடத்திய பெரும் பரிசோதனையின் முடிவு 2006இல் வெளிவந்தது. ஒரு பகுதியினர் கொழுப்பைக் குறைத்து மரக்கறியும் பழமும் தானியமும் கூட்டினார்கள். இதய நோயோ பக்கவாதமோ குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. ஸ்பெயினில் 7,447 பேரிடம் நடந்த பரிசோதனையில் எதிர்த்திசையில் போனார்கள். ஒலிவ் எண்ணெயும் கொட்டைகளும் தாராளமாகச் சாப்பிடச் சொன்னார்கள். கொழுப்பைக் குறைக்கும்படி சொல்லப்பட்ட குழுவைவிட இவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஏறத்தாழ 30 வீதம் குறைவாக வந்தன. 18 நாடுகளில் 135,000க்கு மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்து 2017இல் வெளியான ஆய்வில், மாச்சத்தை மிக அதிகமாகச் சாப்பிட்டவர்களிடம்தான் இறப்பு கூடுதலாக இருந்தது. இந்தக் கடைசி ஆய்வு அவதானிப்பு ஆய்வு, ஒன்றால்தான் மற்றது வந்தது என்று அது நிரூபிக்காது. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் சோற்றையும் மாவையும் அடிப்படையாகக் கொண்ட ஒரு நாட்டுக்கு அது ஒரு எச்சரிக்கை. அமெரிக்காவின் உணவு வழிகாட்டலுக்கான நிபுணர் குழுவே 2015இல் மொத்தக் கொழுப்புக்கு உச்சவரம்பு வைக்கும் பழைய நிலைப்பாட்டை விட்டுவிட்டது. அங்கே விட்டதை நாங்கள் இங்கே இப்போதுதான் பிடிக்கிறோம்.

எதிர்த்தரப்பின் மிகப் பலமான வாதத்துக்கு வருகிறேன். தேங்காய்க் கொழுப்பு ஏறத்தாழ 90 வீதம் நிரம்பிய கொழுப்பு. அது கெட்ட கொலஸ்ரோல் என்று சொல்லப்படும் எல்.டி.எல்.ஐ உயர்த்துகிறது. உண்மை. 2020இல் 16 பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்த ஆய்வு, மற்றத் தாவர எண்ணெய்களோடு ஒப்பிடும்போது தேங்காயெண்ணெய் எல்.டி.எல்.ஐ டெசிலீற்றருக்கு 10 மில்லிகிராம் அளவில் உயர்த்துவதைக் காட்டியது. தேங்காயெண்ணெய் சர்வரோக நிவாரணி, காலையில் இரண்டு கரண்டி குடித்தால் நீரிழிவு போய்விடும், மறதி நோய் மாறிவிடும் என்று சொல்லித் திரிகிறவர்களோடு எனக்கு எந்த உறவும் இல்லை. தென்பசிபிக்கின் டொகெலாவ் தீவு மக்கள் தங்கள் சக்தியில் பாதிக்கும் மேல் தேங்காயிலிருந்து பெற்றும் இதய நோய் அரிதாகவே இருந்தது என்று 1981இல் வெளிவந்த ஆய்வை இவர்கள் அடிக்கடி காட்டுவார்கள். அந்த மக்கள் மீன் சாப்பிட்டார்கள், சீனி மிகக் குறைவு, நாள் முழுக்க உடலுழைப்பு என்பதைச் சொல்லாமல் விடுவார்கள். மாரடைப்பு வந்தவர், ஸ்ரென்ற் வைத்தவர், பரம்பரையாகவே எல்.டி.எல். மிக உயர்ந்தவர் ஆகியோர் நிரம்பிய கொழுப்பைப் பற்றித் தங்கள் வைத்தியர் சொல்வதைக் கேட்கத்தான் வேண்டும். இந்தக் கட்டுரையைக் காட்டி அதை மீறக் கூடாது.

ஆனால் அந்த வாதம் கொழுப்பை எடுத்துவிடு என்று சொல்லவில்லை. ஒரு கொழுப்பின் ஒரு பகுதிக்கு வேறொரு கொழுப்பை வை என்கிறது. சாந்தி மெண்டிஸும் சக ஆய்வாளர்களும் இலங்கையில் செய்து 2001இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல சான்று. தேங்காய்க் கொழுப்பைக் குறைத்ததோடு, சோயா எண்ணெயும் எள்ளெண்ணெயும் கலந்த கொழுப்பையும் அவர்கள் சேர்த்துப் பார்த்தார்கள். கொலஸ்ரோல் இறங்கியது. எள்ளெண்ணெய்! வன்னி மண்ணில் விளைகிற எள்ளின் எண்ணெய், எங்கள் குசினியில் நல்லெண்ணெய்ப் போத்தலாக இருப்பது. அந்தப் போத்தலையும் ஒதுக்கச் சொல்லும் பட்டியல் அறிவியலின் பெயரில் பேச உரிமையற்றது. நிரம்பிய கொழுப்பை எடுத்துவிட்டுத் தீட்டிய மாச்சத்தை வைத்தால் இதயத்துக்கு நன்மையில்லை என்பதைத் தேங்காயெண்ணெயை எதிர்க்கும் அமெரிக்க இதயச் சங்கமே 2017இல் எழுதியிருக்கிறது. பட்டியல் எழுதுகிறவர்கள் அதில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

கடையில் விற்கும் மரக்கறி எண்ணெய் பற்றி ஒரு வார்த்தை. எந்த எண்ணெயானாலும் ஒரு மேசைக்கரண்டியில் ஏறத்தாழ 14 கிராம் கொழுப்பு, 120 கலோரி. கொலஸ்ரோல் இல்லை என்று போத்தலில் எழுதியிருப்பது உண்மைதான், எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ரோல் இருந்ததில்லை. உதிரியாக அளந்து விற்கும் எண்ணெய் பாம் எண்ணெயாக இருந்தால் அதில் பாதியளவு நிரம்பிய கொழுப்பு. தேங்காயை விட்டு அதற்கு மாறிய குடும்பம் கொழுப்பைக் குறைத்துவிட்டதாக நம்பிக்கொண்டு, காசையும் சுவையையும் இழந்ததுதான் மிச்சம். அதே எண்ணெயை வடைக்கும் ரோல்ஸுக்கும் திரும்பத் திரும்பக் கொதிக்க வைக்கும் வழக்கத்தைப் பற்றியோ பட்டியல் மூச்சுவிடுவதில்லை.

இனிப் பால்மா. கொழுப்பு நீக்கிய பால்மாவின் எடையில் பாதியளவு பாற்சீனி. அதில் புரதமும் கல்சியமும் உண்டு, குடிக்க விரும்புகிறவர் குடிக்கட்டும். கறியில் அது தேங்காய்ப்பாலின் வேலையைச் செய்யாது. புளி பட்டால் திரையும். திரையாமல் இருக்கவும் தடிப்பு வரவும் சோளமா கரைத்து ஊற்றச் சொல்கிறது அடுத்த குறிப்பு. கொழுப்புப் போன இடத்தில் மா வந்துவிட்டது, சொதிச் சட்டிக்குள்ளேயே. சுவை குறைந்ததும் உப்புக் கூடுகிறது, சூப் கட்டி வந்து சேர்கிறது. சிறுநீரக நோய் பரவியிருக்கும் மாவட்டங்களில் வவுனியாவும் ஒன்று. உயர் இரத்த அழுத்தத்துக்குக் குளிசை எடுக்காத வீடு குறைவு. இங்கே உப்பைக் கூட்டும் எந்த மாற்றையும் ஆரோக்கியம் என்று அழைக்க என்னால் முடியாது.

எல்லாவற்றையும்விட என்னைக் கோபப்படுத்துவது பிள்ளைகளின் விடயம். வன்னி வீட்டில் அப்பப்பாவுக்கு ஒரு சட்டி, பேரப்பிள்ளைக்கு ஒரு சட்டி என்று சமைப்பதில்லை. ஒரே கறிதான். அப்பப்பாவின் கொலஸ்ரோலுக்காகத் தேங்காய்ப்பாலை நிறுத்தும்போது இரண்டு வயதுப் பிள்ளையின் தட்டிலிருந்தும் அது போகிறது. 2016ஆம் ஆண்டின் சனத்தொகை, சுகாதார ஆய்வின்படி இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 15 வீதமானோர் உயரத்துக்கேற்ற எடை இல்லாதவர்கள், ஐந்தில் ஒரு பிள்ளை வயதுக்கேற்ற எடை இல்லாதது. அதே ஆண்டு நாட்டின் வறுமை வீதம் 4.1. கிளிநொச்சியில் அது 18.2, முல்லைத்தீவில் 12.7. சின்ன வயிற்றுக்குள் அதிகச் சக்தியைக் கொண்டுபோகக் கூடியது கொழுப்புத்தான். ஒரு கிராம் மாச்சத்தில் 4 கலோரி, கொழுப்பில் 9. இரண்டு வயதுக்குள் கொழுப்புக் குறைத்த பால் கொடுக்கக் கூடாது என்பது பிள்ளை வைத்தியத்தில் பாலபாடம். ஒரு பக்கம் எடை காணாத பிள்ளைக்குத் திரிபோஷா கொடுக்கிறோம், மறுபக்கம் அதே பிள்ளையின் புட்டிலிருந்து தேங்காய்ப்பூவை எடுக்கச் சொல்கிறோம்.

கீரையையும் யோசியுங்கள். முருங்கையிலையிலும் பூசணியிலும் உள்ள கரோட்டீன் உடலில் சேர்ந்து விற்றமின் ஏ ஆவதற்குக் கூடவே கொழுப்பு வேண்டும். அமெரிக்காவின் அயோவாவில் 2004இல் செய்த ஒரு சிறு பரிசோதனையில், கொழுப்பே இல்லாத சாறு ஊற்றிப் பச்சை மரக்கறி சாப்பிட்டவர்களின் இரத்தத்தில் கரோட்டீன் ஏறவேயில்லை என்று சொல்லலாம். முருங்கையிலை வறைக்குத் தேங்காய்ப்பூவும், பொன்னாங்காணிக்குப் பாலும், பூசணிக்காய்க்கு முதற்பாலும் சேர்த்த எங்கள் ஆச்சிமார் ஆய்வுகூடம் கண்டதில்லை. அவர்கள் சமைத்தது சரி. தண்ணீரில் அவித்து உப்புப் போட்ட கீரையைப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டுச் சத்துக் கொடுத்தேன் என்று தாய் நிம்மதியாக இருப்பதற்கு நாங்கள்தான் பொறுப்பு.

மாற்றவே வேண்டாமா? மாற்ற வேண்டும், நிறைய. தீட்டிய வெள்ளையரிசியைக் குறைத்துச் சிவப்புப் புழுங்கலரிசிக்கு வர வேண்டும், மொட்டைக்கறுப்பனைத் தேடி வாங்க வேண்டும். வாரத்தில் சில நாளாவது இரவுக்குக் கோதுமை மாவை விட்டுக் குரக்கன் புட்டு. சோற்றின் அளவில் ஓர் அகப்பை குறையட்டும், அந்த இடத்துக்குப் பயறோ கௌபியோ கீரையோ வரட்டும். தேத்தண்ணியில் சீனி இரண்டு கரண்டி என்பது ஒன்றாகி, பிறகு கடித்துக் குடிக்கும் அளவாகட்டும். மாலையில் பிஸ்கற்றுக்குப் பதில் அவித்த கச்சான். தாளிக்க நல்லெண்ணெய். இரணைமடுவிலும் முத்தையன்கட்டிலும் வவுனிக்குளத்திலும் பிடிபடும் மீன் இருக்கிறது, கொக்கிளாய்ப் பக்கத்துக் கடலிலிருந்து வரும் சாளையும் சூடையும் இருக்கின்றன. அந்தச் சின்ன மீனின் கொழுப்பு இதயத்துக்கு உகந்தது, விலையும் குறைவு. அதைப் பொரிக்காமல் தேங்காய்ப்பால் விட்டுக் குழம்பு வையுங்கள். இரண்டாம் பாலிலும் மூன்றாம் பாலிலும் அவித்து, முதற்பாலை இறக்கும்போது கொஞ்சம் விடுகிற பழைய முறையே அளவைக் காத்துவந்த முறைதான். தேங்காயை இரண்டு வேளை பிழிந்த வீடு ஒரு வேளையாக்கட்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. அடியோடு எடுத்துவிட்டுப் பால்மாவை வைப்பதைத்தான் மறுக்கிறேன்.

இதில் வளவும் காசும் சம்பந்தப்பட்டிருக்கிறது. பெரும்பாலும் நியூசிலாந்திலிருந்து வரும் பால்மா 2022இல் 400 கிராம் பைக்கற் ஆயிரம் ரூபாவைத் தாண்டியது. தேங்காயும் 2024 கடைசியிலும் 2025இலும் 200 ரூபாவைத் தொட்டது என்பதை மறக்கவில்லை. ஆனால் தென்னை எங்கள் வளவில் நிற்கக் கூடியது. 2025 செப்டெம்பர் 2, உலகத் தெங்கு தினத்தன்று, வடக்குத் தெங்கு முக்கோணத் திட்டத்தை ஜனாதிபதி புதுக்குடியிருப்பில் தொடக்கி வைத்தார். யுத்தத்தில் தலையிழந்த மரங்கள் நின்ற அதே மண்ணில் கன்று நடச் சொல்கிறது அரசு. அந்தக் கன்று காய்க்கும் காலத்தில் அதன் காயை விற்றுப் பால்மா வாங்கும் குடும்பங்களை நாங்களே உருவாக்கிக்கொண்டிருக்கிறோம்.

கிளினிக்கில் அட்டை எழுதுகிறவர்களிடமும், வீடு வீடாகப் போகும் குடும்ப நல உத்தியோகத்தர்களிடமும், பாடசாலைகளில் மனைப்பொருளியல் படிப்பிக்கும் ஆசிரியர்களிடமும், சமையல் பக்கம் எழுதுகிறவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். தேங்காய்ப்பால் தவிர்க்கவும் என்று எழுதுவதற்கு முன், எத்தனை சுண்டு அரிசி உலையில் போடுகிறீர்கள், தேத்தண்ணிக்கு எத்தனை கரண்டி சீனி, வாரத்தில் எத்தனை நாள் பாணும் ரொட்டியும், அந்தச் சட்டியிலிருந்து சாப்பிடும் பிள்ளைக்கு என்ன வயது, என்ன எடை என்று கேளுங்கள். பதிலைக் கேட்ட பிறகு எழுதுங்கள்.